ஆறாவது சீட்டு

இல்ல புவாஸா தம்பி, டீச்சராச்சேன்னு என்கிட்ட வெறும் சீட்டுக்குக் காசு வாங்கமாட்டேன்னு மரியாதை பேசாதீங்க. ஆறு பேர் சேர்ந்தாத்தான் டாக்சி கிளம்பும்னு எனக்குத் தெரியாதா? நானும் மகனும் ரெண்டு பேர். மீதி நாலுக்கும் நானே தரேன்.

போன குளிர்காலம், ஒலிவங்காய் பறிப்பு முடியற சமயம், விடியல்ல சுபுஹ் தொழுத கையோட என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தேனே, ஞாபகமிருக்கா? அவரேதான். உங்க வண்டியைவிட உங்க மீசைதான் பளபளக்குதுன்னு கிண்டல் பண்ணினாரே.

ரத்தக்கொதிப்பு, தம்பி. நாலு விதமான மாத்திரை, என் கண் முன்னாலதான் முழுங்குவார். கொதிப்பு இறங்கவே இல்ல. கிழவர் மாத்திரையைப் பூனைக்குப் போடறார்னு தெருவே சிரிச்சது. உப்பு ஆகாதுன்னு நாத்தனார் உப்பு எலுமிச்சை ஜாடியைத் தூக்கி வாசல்ல வெச்சா. கடைசியில ஒரு டாக்டரம்மா வயித்துல குழலை வெச்சுக் கேட்டாங்க. தொப்புளுக்கு மேல உஸ் உஸ்ஸுன்னு சத்தம். மாத்திரைக்கு அடங்காதது அடம் இல்லம்மா, தடயம்னாங்க. சிறுநீரகத்துக்குப் போற குழாய் ரெண்டும் சுருங்கிடுச்சு. ரத்தம் போதலேன்னு அதுவே கொதிப்பை ஏத்துது. திடீர்னு மூச்சு முட்டினா நுரையீரல்ல தண்ணி ஏறுதுன்னு அர்த்தம், உடனே ஃபெஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னாங்க.

ஆம்புலன்ஸா? இன்னிக்கு மாதிரியே அன்னிக்கும் மலைக்குத்தான் போயிருந்தது.

அவருக்கு மூச்சு முட்டினதும் உங்க டாக்சிக்கு ஓடி வந்தோம். ஒரு ஆள் குறைஞ்சது. காசை எடுத்தேன், காலி சீட்டுக்குக் கொட்டிக் கொடுக்க நீ என்ன பாஷா மகளான்னு இவர் கையைப் பிடிச்சுட்டார். ஆறாவது ஆளா அந்த வெங்காய வியாபாரி டீயைக் குடிச்சுட்டு வந்து ஏற அரை மணி நேரமாச்சு.

இப்போ எப்படி இருக்காரா? உங்களுக்குத் தெரியாதுல்ல. ஆஸ்பத்திரி வாசல்ல நீங்க இறக்கிவிட்டப்போ மூச்சு இருந்தது. மத்தியானம் லுஹர் பாங்குக்கு இல்ல. நேத்துத்தான் நாலு மாசம் பத்து நாள் இத்தா முடிஞ்சு, துக்கத்துக்குப் போட்ட வெள்ளை உடுப்பை மாத்தினேன்.

தலையை நிமிர்த்துங்க. உங்களைக் குத்தம் சொல்ல நான் வரலை.

பின்னால பாருங்க. என் மகன் அன்வர், சாய முடியாம நிமிர்ந்தே உக்காந்திருக்கான். அவனுக்கும் நாலு மாத்திரை. போன வாரம் அதே டாக்டரம்மா அவன் வயித்துலயும் கேட்டாங்க. அதே சத்தம். நாளைக்குக் குழாயை விரிக்கறதா இருந்தது. கேளுங்க, மூச்சு கொரகொரன்னு இப்போதான் ஆரம்பிக்குது.

பிடிங்க, ஆறு சீட்டுக்கும். எண்ணாதீங்க தம்பி, சாவியைத் திருப்புங்க.