தட்டைத் தூக்கியவள் சொன்னது

என் பெயர் சத்யப்ரியா. வயது இருபத்தெட்டு. கோச்சடையில் மாமனார் தங்கப்பாண்டி வீட்டில், கணவர் செல்வக்குமாரோடும் யு.கே.ஜி. படிக்கும் மகள் இசைவாணியோடும் குடியிருக்கிறேன். வாக்குமூலம் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமல் போகலாம் என்று கோர்ட்டு நடுவர் அம்மா முதலிலேயே சொன்னார்கள். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் சிவனாண்டி என் மாமனாருக்குப் பங்காளி. நான் அவரைச் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். அவர் என் மாமனாருக்குக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. அந்த வழக்கில் அவருக்கு ஒரு வருடம் ஜெயிலும் நஷ்டஈடும் தீர்ப்பாகி, அதன் பிறகு அவர் அப்பீல் போனார். நஷ்டஈட்டில் ஐந்தில் ஒரு பங்கை அறுபது நாளுக்குள் கோர்ட்டில் கட்டினால்தான் தண்டனையை நிறுத்தி வைப்போம் என்று அப்பீல் கோர்ட்டில் சொல்லிவிட்டதாக வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

அதன் பிறகு சின்ன மாமா வீட்டு நகைகளை அடகு வைத்துப் பணம் புரட்டிவிட்டார் என்று தெரிந்ததும் என் மாமனார் அவருக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "நமக்குள்ள எதுக்குடா கோர்ட்டு? எப்படியும் எனக்கு வர வேண்டிய காசுதான. எங்கிட்டயே குடு, நான் வக்கீல விட்டுக் கட்டியாச்சுன்னு சொல்லிர்றேன்" என்றார்.

மறுநாள் சின்ன மாமா வந்தார். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். எங்கள் வகையறாவில் பங்காளிக்குள் பெரிய தொகை கைமாறினால் கையில் கொடுப்பதில்லை. தட்டில் வைத்து, மேலே வெற்றிலை பாக்கு வைத்து, வீட்டு மருமகள் அதைத் தூக்கிக்கொண்டு போய் குலசாமி படத்தின் முன் வைக்க வேண்டும். அதற்கு மேல் ரசீது கேட்டால் மூஞ்சியில் அடித்த மாதிரி. சின்ன மாமாவும் கேட்கவில்லை. தன் கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலையையே கொண்டுவந்து பணக்கட்டுகள் மேல் பரப்பினார். "ஆத்தா, பாத்து எடுத்துட்டுப் போ" என்றார். நான் படத்தின் முன் வைத்தேன். அதன் பிறகு மாமனார் சொன்னபடி பணத்தை மஞ்சப்பையில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டியதும் நான்தான்.

அன்று சாயங்காலம் மாமனார் தன் வக்கீலிடம் போனில் பேசினார். "ஒத்தப் பைசா வரல. கெடு முடியட்டும், உள்ள தள்ளுங்க" என்றார். சின்ன மாமா கொண்டுவந்த வெற்றிலையைத்தான் அப்போது மென்றுகொண்டிருந்தார். பணம் பீரோவில் இருப்பது தெரிந்தும் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கெடு முடிந்து வாரண்ட் வந்து சின்ன மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோர்ட்டுக் கணக்கில் எதுவும் கட்டவில்லை என்றபோது, "தட்டத் தூக்குன புள்ளையக் கேளுங்க" என்று சொன்னாராம். அதை வைத்து அவர் மனைவி செல்லத்தாய் என் மாமனார் மேல் மோசடிப் புகார் கொடுக்க, போலீசார் என்னையும் சாட்சியாகச் சேர்த்தார்கள்.

அதன் பிறகு வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. நேற்றுத்தான் கணவர் பேசினார். தட்டில் வெற்றிலை மட்டும்தான் இருந்தது என்று சொல்லச் சொன்னார். அப்படிச் சொன்னால் சின்ன மாமா வெளியே வர முடியாதே என்றேன். உள் அறையிலிருந்து என் மாமனார், "வாயத் தொறந்தா புள்ளைய மறந்துரு" என்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தட்டில் பணம் இருந்தது. கனம் தாங்காமல் இரண்டு கையாலும் தூக்கினேன்.

இதைச் சொல்லச் சொல்லி என்னை யாரும் மிரட்டவில்லை. சொல்லக்கூடாது என்றுதான் மிரட்டினார்கள். படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. இனி எனக்குச் சம்மன் அனுப்புவதாக இருந்தால் கொட்டாம்பட்டியில் என் அப்பா நல்லகாமன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். என் மாமனார் வெளியே கோர்ட்டு வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறார். மகளுக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது. அவர் எழுந்து போய் அவளைக் கூட்டிக்கொள்வதற்குள் ஒரு பெண் போலீசை என்னோடு அனுப்பி வைக்க வேண்டும்.

(ஒப்பம்) செ. சத்யப்ரியா