பஸ் நிலையத்தைச் சுற்றிய தாலி

நகர்கிற ஷேர் ஆட்டோ கிளம்பிவிட்டது என்று நம்பி ஏறுகிற அறிவாளி நான். ஆள் சேரும்வரை அது காஞ்சிபுரம் பஸ் நிலையத்தையே சுற்றும் என்று தெரிந்தும் இன்றைக்கும் ஏறினேன். ஓட்டுநரின் செல்போனில் எங்கோ ஒரு பாலைவனத்து டிரக் ரேஸ். அங்கேயும் வட்டமாகத்தான் சுற்றினார்கள்.

"ரேஸ் சீசனே முடியப்போவுதுக்கா. இன்னும் ரெண்டு ரவுண்டுதான்," என்றார் ஓட்டுநர், பின்சீட்டுப் பெண்ணிடம்.

"அவனாவது ரெண்டு ரவுண்டுல முடிச்சிடுவான். நீ எப்பப்பா ஐயம்பேட்டைக்குப் போவ?" என்றார் பட்டுப்புடவை கட்டியிருந்த அந்தப் பெண். "ஊட்ல மறந்துட்ட தாலிய எடுத்துக்கினு போறேன். தம்பி மணையில குந்திக்கினு இருக்கான்!"

"இன்னும் ஒரே ஒரு ஆளுதான்கா. ஏறினதும் பறந்துடலாம்."

மறுபடியும் அதே பூக்கடை வந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"முகூர்த்தம் எத்தனை மணிக்கும்மா?"

"இந்த வண்டி கெளம்புறப்போ."