எனக்கு ஊற்றிய கஞ்சி

அமுதம்: நீ குடி.

ஆதிமூலம்: இன்னாத்த?

அமுதம்: இந்தக் கஞ்சியத்தான். நீ குடி.

ஆதிமூலம்: நான் அப்பவே குடிச்சிட்டன்டி. இது உனுக்கு ஊத்தினது.

அமுதம்: தெரியுது. எனுக்கு ஊத்தினதத்தான் உன்னக் குடிக்கச் சொல்றன்.

ஆதிமூலம்: ஏன், உப்பு பத்தலியா?

அமுதம்: உப்பெல்லாம் பத்துது.

ஆதிமூலம்: அப்பறம் இன்னா? கழனிக்குப் போற நேரத்துல...

அமுதம்: கழனி எங்கியும் ஓடிடாது. குந்து. குந்துய்யா. கலியாணம் ஆயி இத்தினி வருசத்துல நீ எனுக்கு ஒருநாளு கஞ்சி ஊத்தியிருக்கறியா?

ஆதிமூலம்: ஊத்தலன்னாலும் குத்தம். ஊத்தினாலும் குத்தம்.

அமுதம்: கேட்டதுக்குச் சொல்லு.

ஆதிமூலம்: உனுக்கு இடுப்பு வளையல. பானை தரையில கெடக்குது. ஊத்திக் குடுத்தன். இது ஒரு தப்பா?

அமுதம்: வரப்புல வழுக்கி விழுந்து மூணு வருசம் ஆவுது. மூணு வருசமா வளையாத இடுப்பு இந்த மாசந்தான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சிதா?

ஆதிமூலம்: சரி, நாளையிலேந்து ஊத்தல. வுடு.

அமுதம்: எங்க எழுந்துக்கற? குடிச்சிட்டு எழுந்திரு.

ஆதிமூலம்: வயிறு ரொம்பியிருக்குதுடி.

அமுதம்: ரெண்டு மடக்கு குடி. அதுக்கு எடம் இல்லாமப் போயிடுச்சா?

ஆதிமூலம்: கழனிக்கு நேரமாவுதுடி.

அமுதம்: பாத்தியா? மொகம் எப்பிடிப் போவுது பாத்தியா?

ஆதிமூலம்: என் மொகத்த நான் எப்பிடிடி பாப்பன்?

அமுதம்: சிரிக்காத. இதுல இன்னா கலந்த?

ஆதிமூலம்: கலக்கறதா? கேவுரு மாவும் தண்ணியும்...

அமுதம்: கேவுரு கசக்குமா?

ஆதிமூலம்: பழைய கேவுரு. பூச்சி வுழுந்திருக்கும்.

அமுதம்: உன் கஞ்சியும் அதே பானைதான. உனுக்குக் கசந்திச்சா?

ஆதிமூலம்: எனுக்கு நாக்கு செத்துப்போச்சி. பத்து வருசம் உன் கொழம்ப தின்ன நாக்கு.

அமுதம்: அந்தப் பேச்சால என்ன மடக்க முடியாது. முந்தாநாளு மாட்டுக் கொட்டாயில கல்லு மேல வச்சி இன்னாத்தயோ தட்டிக்கினு இருந்த. நான் வந்ததும் மடியில மறச்ச. நான் பாக்கலன்னு நெனச்சியா?

ஆதிமூலம்: அது... மாட்டுக்கு.

அமுதம்: மாட்டுக்கு இன்னா?

ஆதிமூலம்: மாட்டுக்கு... கழிச்சலு.

அமுதம்: உழுந்து கெடக்கற சாணிய வரட்டியா தட்டறது நானு. கழிச்சல் மாடு எப்பிடி போடும்னு எனுக்குத் தெரியாதா?

ஆதிமூலம்: உனுக்கு இன்னா சந்தேகம் இப்போ? நேரா கேளு.

அமுதம்: நேராவே கேக்கறன். எனுக்கு மருந்து வச்சிட்டியா?

ஆதிமூலம்: இன்னா மருந்து?

அமுதம்: இடுமருந்து. அதத்தான் கேக்கறன். சோத்துல கலந்து வச்சி ஆள உருக்கி உருக்கி அனுப்புவாங்களே, அது.

ஆதிமூலம்: அடிப்பாவி!

அமுதம்: மொத ரெண்டு நாளு உன் கையால வாங்கிக் குடிச்சன். நெஞ்சுக்குழியில நெருப்பு வச்ச மாதிரி எரிஞ்சிது. ஏன் எரியுதுன்னு கேட்டன். மொளகா தின்னியான்னு என்னியே திருப்பிக் கேட்ட.

ஆதிமூலம்: எரிஞ்சிதா? அவ்ளோ எரிஞ்சிதா?

அமுதம்: ஏன், எரியக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தானா உனுக்கு வித்தவன்?

ஆதிமூலம்: யாரும் விக்கல...

அமுதம்: கிருமாம்பாக்கத்துக்குப் போயிட்டு வந்தன். குப்புகிட்ட. மருந்து எடுக்கறவ.

ஆதிமூலம்: எப்ப போன? என்கிட்ட சொல்லல?

அமுதம்: நீ எல்லாம் சொல்லிட்டுத்தான் செய்யறியா? வயித்துல வாய வச்சி உறிஞ்சினா. வெத்தலையில துப்பிக் காட்டினா. கறுப்பா, நெல்லு மாதிரி. உன் ஊட்டுக்குள்ள இருக்கற கைதான் வச்சிருக்குதுன்னா.

ஆதிமூலம்: அந்தக் கறுப்பு அவ வாயிலியே இருந்திருக்கும். பொயல மெல்லுவா அவ.

அமுதம்: அவள விடு. உங்க அத்த கரையாம்புத்தூருலேந்து எதுக்கு ரெண்டு வாட்டி வந்திச்சி?

ஆதிமூலம்: அண்ணன் புள்ளயப் பாக்க வந்திச்சி.

அமுதம்: அண்ணன் புள்ளயப் பாக்க வந்தவங்க மவளயும் ஏன் கூட்டிம் வரணும்? மணியம்மாளுக்குத் தலை நெறய கதம்பம் வேற.

ஆதிமூலம்: பொண்ணு பூ வச்சா அதுக்கு நான் பொறுப்பா?

அமுதம்: "நாத்து நடக் குனிய முடியல, கொடம் தூக்க முடியல, இவள வச்சிக்கினு எத்தினி காலம்டா ஓட்டுவ"ன்னு கேட்டுச்சே. நான் அடுப்பங்கரையிலதான் இருந்தன்.

ஆதிமூலம்: நான் ஒண்ணும் சொல்லலியே.

அமுதம்: அதான். நீ ஒண்ணும் சொல்லல. அது நடந்து நாலாம் நாளு நீ கஞ்சி ஊத்த ஆரம்பிச்ச. இப்ப சொல்லு. குடிக்கறியா, நான் தெருவுல போயிக் கத்தட்டுமா?

ஆதிமூலம்: குடு.

அமுதம்: முழுசா.

ஆதிமூலம்: குடு, குடு... இந்தா பாரு. நல்லா பாரு. ம்... த்தூ, கசப்பு!

அமுதம்: துப்பாத.

ஆதிமூலம்: முழுங்கிட்டன். போதுமா? அநியாயமா ஒண்ணு வீணாப் போச்சி. இது தீந்தா இன்னொரு வாட்டி வரிசையில நிக்கணும்.

அமுதம்: எந்த வரிசையில?

ஆதிமூலம்: ஆசுபத்திரி வரிசையில.

அமுதம்: இன்னா சொன்ன?

ஆதிமூலம்: மாத்திரடி. ஆசுபத்திரி மாத்திர. வெள்ள மாத்திர. பொடி பண்ணிக் கலந்தன். உன்னக் கொல்லறதுக்கு இல்ல. உன் இடுப்புக்கு.

அமுதம்: பொய்யி.

ஆதிமூலம்: இந்தா, பொட்டலம். மடியிலியே கட்டிக்கினு திரியறன். திருட்டுப் பய மாதிரி.

அமுதம்: நான் ஆசுபத்திரிப் பக்கமே வரலியே. ஆளப் பாக்காம எவன் மாத்திர குடுப்பான்?

ஆதிமூலம்: அது... வுடு.

அமுதம்: எப்பிடி வாங்கின?

ஆதிமூலம்: எனுக்குத்தான் இடுப்பு வலின்னு சொன்னன்.

அமுதம்: உனுக்கா?

ஆதிமூலம்: புது டாக்டரு. மெட்ராஸ்காரரு. நடந்து காட்டுன்னாரு. உன்ன மாதிரியே நடந்து காட்டினன். கைய இங்க வச்சிக்கினு, சோத்தாங்கால இழுத்துக்கினு...

அமுதம்: நான் காலு இழுக்கறனா?

ஆதிமூலம்: சாயங்காலத்துல இழுப்ப. எப்ப ரொம்ப வலிக்குதுன்னாரு. தண்ணிக் கொடத்த இடுப்புல வைக்கும்போதுன்னு சொல்லிட்டன்.

அமுதம்: ஐயோ...

ஆதிமூலம்: ஆம்பள எதுக்கய்யா இடுப்புல கொடம் வைக்கறன்னு ஒரு மாதிரி பாத்தாரு. பின்னால வரிசையில இருந்தவனுங்க எல்லாம் சிரிச்சானுங்க.

அமுதம்: நல்லா வேணும் உனுக்கு.

ஆதிமூலம்: படுத்தா எப்பிடின்னாரு. பொரண்டு படுக்க முடியாது, எழுந்து குந்தி, அப்பறந்தான் அந்தப் பக்கம் திரும்ப முடியும்னன்.

அமுதம்: அது உனுக்கு எப்பிடித் தெரியும்? நீதான் கட்ட மாதிரி தூங்குவியே.

ஆதிமூலம்: பக்கத்துலதானடி படுக்கறன். இப்பவாவது நம்பறியா?

அமுதம்: நம்பினா மட்டும்? ஆசுபத்திரி மருந்து வேணாம்னு நான் சொல்லல? எங்க அக்காவுக்கு இன்னா ஆச்சி? ஜீப்புல வந்த டாக்டரு ஒரு ஊசி போட்டான். மறு வெள்ளி பாக்கல அவ.

ஆதிமூலம்: உங்க அக்காவுக்கு ஊசி போடறதுக்கு முன்னியே ஜன்னி கண்டுடுச்சி. அதுவும் இல்லாம அது வெள்ளக்காரன் காலம். இப்ப நம்ம ராஜ்ஜியம். எல்லையில சுங்கக் கேட்டையே எடுத்துட்டான்.

அமுதம்: கொடி மாறினா ஊசி மாறிடுமா?

ஆதிமூலம்: இது ஊசி இல்ல. மாத்திர.

அமுதம்: அது குத்திட்டு எரியும். இது முழுங்கிட்டு எரியுது. இன்னா வித்தியாசம்?

ஆதிமூலம்: அது... அந்த எரிச்சலு என் தப்பு போலக்குது.

அமுதம்: ஓஹோ.

ஆதிமூலம்: வயிறு நெறய சாப்ட்டுட்டுப் போடணும்னு சொன்னாரு. நம்ம வைத்தியரு வெறும் வயித்துலதான குடுப்பாரு? மருந்துன்னா அப்பிடித்தான, இவருக்கு இன்னா தெரியும்னு, நான் விடியக் காத்தால தெளிஞ்ச கஞ்சியில கலந்துட்டன். நீ வேற, வைத்தியரு சொன்ன பத்தியம்னு ராத்திரியும் ஒண்ணும் தின்னல.

அமுதம்: நல்ல கம்பவுண்டரு. பத்தியம் ஒருத்தரு மருந்துக்கு, வயிறு இன்னொருத்தரு மருந்துக்கு.

ஆதிமூலம்: இனிமே சோத்துக்கு அப்பறம் குடுக்கறன்.

அமுதம்: யாரு தின்னப் போறா? வைத்தியரு வலிய வேரோட புடுங்கறன்னாரு. உன் டாக்டரு இன்னா சொன்னாரு?

ஆதிமூலம்: முழுசாப் போவாதுன்னாரு.

அமுதம்: கேட்டுக்க!

ஆதிமூலம்: இருடி. முழுசாப் போவாது, ஆனா கொறச்சி வைக்கலாம்னாரு. ரொம்ப வலிக்கற நாளுக்கு மாத்திர, மத்த நாளுக்கு வெந்நி ஒத்தடம், கொஞ்சம் நடை. அப்பிடியே சமாளிச்சிக்கினு போலாம்னாரு. போவும்னு சொல்றவன விட, போவாதுன்னு சொல்றவன நம்பலாம்னு எனுக்குத் தோணிச்சி.

அமுதம்: உனுக்குத் தோணும். உன் இடுப்பா?

ஆதிமூலம்: வைத்தியரு மூணு வருசமா வேரப் புடுங்கறாரு. வேரு மெட்ராஸ் வரிக்கும் போயிருக்குதா?

அமுதம்: அவரு லேகியம் தின்ன அன்னிக்கெல்லாம் வலி தெரியல. அது பொய்யா?

ஆதிமூலம்: வலி மட்டுமா தெரியல? பாலு பொங்கி அடுப்ப அணைக்குது, நீ அதப் பாத்து சிரிச்சிக்கினு குந்தியிருக்கற. கூப்ட்டா ரெண்டு நாழி கழிச்சி "ஆங்"கற. அதுல அபினி இருக்குதுடி.

அமுதம்: யாரு சொன்னா?

ஆதிமூலம்: சொல்லணுமா? அபினிக் கடையில கெடுபிடி ஆரம்பிச்சதுலேந்து லேகியம் வெல ஏறிப்போச்சி. அது ஏன்? சுக்கும் மெளகும் கடையில இல்லியா?

அமுதம்: ...அத நான் யோசிக்கல.

ஆதிமூலம்: யோசிக்க வுடாதுடி அந்த லேகியம்.

அமுதம்: நீயும் சொல்லாமக் கலந்த. அவரும் சொல்லாமக் கலந்தாரு. என் வயித்துல போடறத என்கிட்ட சொல்ல ஒருத்தனுக்கும் வாய் இல்ல.

ஆதிமூலம்: சொன்னா நீ தின்னிருப்பியா?

அமுதம்: மாட்டன்.

ஆதிமூலம்: அப்பறம்?

அமுதம்: அதுக்காக? மாட்டன்னு சொல்லவாவது வுடணும் இல்ல?

ஆதிமூலம்: சரி. தப்புதான். உன் மேல சத்தியமா தப்புதான்.

அமுதம்: என் மேல ஏன் பண்ற? உன் மேல பண்ணு.

ஆதிமூலம்: என் மேல சத்தியமா. ஆனா ஒண்ணு கேக்கறன், கோவிச்சிக்காத. மாத்திர வேல செஞ்சிதா இல்லியா?

அமுதம்: இன்னா வேல செஞ்சிது?

ஆதிமூலம்: மறைக்காத. பத்து நாளா நானும் பாத்துக்கினுதான் இருக்கறன். தரையில குந்தி மாடு கறக்கற. வாசல்ல குனிஞ்சி கோலம் போடற. நேத்து கொடத்த இடுப்புல வச்சிக்கினு இந்தப் பக்கம் வந்த அத்த ஊட்டுக்காரரு எதிர்ல நேரா நடந்து போற. காலும் இழுக்கல. நான் கொட்டாயில நின்னு பாத்துட்டு, எனுக்கு... சொல்லக் கூடாது, கண்ணு தளும்பிடுச்சி. வேல செய்யுது, வேல செய்யுதுன்னு. அதான் சொல்றன், எல்லாத்தயும் வுட்டுட்டு இந்த ஒண்ணயே தொடரலாம். உன்னக் கூட்டிம் போறன். நீயே வந்து காட்டு.

அமுதம்: நான் அந்தக் கஞ்சியக் குடிக்கலய்யா.

ஆதிமூலம்: இன்னா?

அமுதம்: மொத ரெண்டு நாளோட சரி. அப்பறம் நீ ஊத்தினதெல்லாம் மாட்டுத் தொட்டியில ஊத்திட்டன்.

ஆதிமூலம்: மாட்டுக்கா? அதான் ஒதைக்கற மாடு அசையாம நின்னுச்சா!

அமுதம்: அதுக்காவது இடுப்பு சரியா இருக்கட்டும்.

ஆதிமூலம்: இரு... இரு. அப்ப நீ லேகியத்த ஒளிச்சி வச்சித் தின்னுக்கினு இருக்கற.

அமுதம்: டப்பாவத் தொறந்து பாரு. எறும்பு மொச்சிக் கெடக்குது. பயத்துல ஒருத்தரு குடுக்கறதயும் நான் தின்னல.

ஆதிமூலம்: அந்தக் குப்பு உறிஞ்சி எடுத்ததுலதான் சரியாச்சின்னு சொல்லப் போறியா?

அமுதம்: அவ உறிஞ்சின எடம் மட்டும் நாலு நாளு கன்னிப்போயி வலிச்சிது.

ஆதிமூலம்: அப்ப மாத்திரயும் இல்ல, லேகியமும் இல்ல, ஒண்ணும் இல்ல... எப்பிடிடி குந்தின? எப்பிடி கொடம் தூக்கின? அமுதம்... ஏன்டி மொகத்தத் திருப்பிக்கற? எப்பிடி வலி போச்சி?

அமுதம்: எங்கய்யா போச்சி? முந்தானையப் பல்லுல கடிச்சிக்கினு குந்தினன். உங்க அத்த மவளோட மூணாவது வாட்டி வரதுக்குள்ள நான் நல்லாயிட்டன்னு நீ நம்பணும் இல்ல?