‘இல்லை’ என்றவர் யார்?

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! கத்தியைக் கையில் எடுத்தாலும் கருணையைக் கீழே வைக்காத அறுவை மருத்துவர் ஐயா அவர்களே! மருத்துவர்களின் கையெழுத்திலிருந்து மருந்தாளுநர்களை மீட்டெடுத்த கணினிப் பிரிவுத் தம்பிகளே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளையை மடியிலும் பையைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! இருக்கை கிடைக்காமல் நின்றாலும் இடத்தை விட்டு நகராத பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும், சேர்க்கைப் பிரிவில் கேள்வி கேட்டுக் கேட்டே குரல் கட்டிப்போன இந்தச் செவிலியின் அன்பு வணக்கம்.

நம் மருத்துவமனையில் காகிதக் கட்டுகள் ஓய்வு பெற்று, கணினிப் பதிவேடு பணியில் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. அதைப் பாராட்டிப் பேசச் சொன்னார்கள். பாராட்டுகிறேன். ஆனால் எனக்கு அதனோடு ஒரு சண்டை உண்டு. அதையும் பேசிவிட்டுத்தான் இந்த மேடையை விட்டு இறங்குவேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும், பார்ப்பதற்குத்தானே கடிகாரம்!

ஒருவருக்கு உயிர் கொடுக்கும் மருந்து, இன்னொருவருக்கு உதட்டை வீங்க வைக்கும், மூச்சை அடைக்கும். அதனால்தான் படுக்கை தருவதற்கு முன் கேட்கிறோம், “எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காதா?” எளிய கேள்விதான். வருகிற பதில்கள் இருக்கின்றனவே! ஒருவர் சொன்னார், “எனக்கு என் மச்சான்தான் சிஸ்டர் ஒத்துக்காது.” “அவர் மாத்திரையா, ஊசியா?” என்று கேட்டேன். “வாரத்துக்கு ஒரு தடவை போடுற ஊசி” என்றார். இன்னோர் அம்மா, மாத்திரை போட்டதும் தூக்கம் வந்ததையெல்லாம் ஒவ்வாமை என்று எழுதச் சொன்னார். எழுதினால் என்ன ஆகும்? திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். எல்லாமே சிவப்பென்றால் எந்தச் சிவப்பை மருத்துவர் நம்புவார்?

சரி, சண்டைக்கு வருகிறேன். கணினிக்கு எப்போதும் அவசரம். ஒவ்வாமைக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்தைத் திறக்காது. அங்கே கொழுகொழுவென்று ஒரு பொத்தான் இருக்கும். ‘ஒவ்வாமை இல்லை’ என்று அதில் எழுதியிருக்கும். ஒரே தட்டு! திரை பச்சையாகிப் பல்லைக் காட்டும், வரிசை நகரும், வந்தவர்கள் வாழ்த்துவார்கள். ஆனால் நான் கேட்கிறேன், அந்த ‘இல்லை’ யார் சொன்ன இல்லை? கேட்ட பிறகு வந்த இல்லையா, கேட்காமலே வந்த இல்லையா? படுக்கப் போகிறவர் சொன்னதா, பக்கத்தில் நிற்கிறவர் சொன்னதா?

அந்தக் குண்டுப் பொத்தானுக்குக் கீழே, கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற குட்டிப் பொத்தான் ஒன்று இருக்கிறது. ‘இன்னும் கேட்கவில்லை.’ அந்தக் குட்டிதான் என் கட்சி!

ஏன் என்று சொல்கிறேன். நம் பேருந்து நிலையத்தில் “பயணிகள் கவனிக்கவும்” என்று முழங்குகிறாரே, அந்த அறிவிப்பாளர் அண்ணன்... பார்த்தீர்களா, பெயர் சொல்லாமலே சிரிக்கிறீர்கள்! மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். பயப்படாதீர்கள், அனுமதி வாங்கிவிட்டேன். அவரிடமல்ல, பக்கத்தில் இருக்கும் அவர் மனைவியிடம். ஏனென்றால் நோயாளி அந்த அக்காதான்.

அந்த அக்கா தையல்காரர். பித்தப்பையில் கல். அன்று காலை அறுவை சிகிச்சை. அண்ணன் முன்னால் வருகிறார், அக்கா பின்னால் வருகிறார். அக்காவின் பெயரைக் கேட்டேன், அண்ணன் சொன்னார். “வயசு?” “அம்பத்திரண்டு!” என்று அறையே அதிர அறிவித்தார். அக்காவின் புருவம் உயர்ந்தது, வாய் திறக்கவில்லை. “ராத்திரி தூங்குனீங்களாக்கா?” “அருமையா தூங்குனா!” அக்கா தூங்கியது அண்ணனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவர் விட்ட குறட்டையைக் கேட்டபடி அக்காதான் விழித்திருந்திருப்பார்.

கடைசியாக அந்தக் கேள்வி. “மருந்து எதுவும் ஒத்துக்காதாக்கா?”

“அதெல்லாம் ஒண்ணுமே கெடையாது சிஸ்டர்! கல்லத் தின்னாலும் செரிக்கிற ஒடம்பு!”

“அப்புறம் எதுக்குண்ணே பித்தப்பையில கல்லோட வந்திருக்காங்க?”

அண்ணனே சிரித்துவிட்டார். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் குட்டிப் பொத்தானைத் தட்டினேன். அண்ணனுக்குக் கோபம். “அதான் சொல்லிட்டேன்ல, இல்லைன்னு போடுங்க!” என்றார். “உங்களக் கேட்டாச்சுண்ணே. அவங்கள இன்னும் கேக்கலையே” என்றேன். மறுபடி அக்காவைக் கேட்டேன், மறுபடி அண்ணன் பதில் சொன்னார். வெளியே அனுப்பலாமா? அவர் குரல் சுவரைத் தாண்டி வருமே!

மேசையில் தெர்மாமீட்டர் இருந்தது. “அண்ணே, கூட இருக்கிறவங்களுக்கும் காய்ச்சல் பாக்கணும். வாயத் திறங்க” என்று நாக்குக்கு அடியில் வைத்து, “பேசுனா முதல்லேருந்து பாக்கணும்” என்றும் சொல்லிவிட்டேன். தாய்மார்களே, கை தட்டாதீர்கள்! இதை வீட்டில் முயன்றால் நான் பொறுப்பல்ல.

அறை அமைதியானது. அந்த அமைதியில் அக்கா பேசினார்.

“சின்னவ பொறந்தப்ப எங்கம்மா வீட்ல இருந்தேன் சிஸ்டர். அங்க பெனிசிலின் ஊசி போட்டாங்க. போட்ட கொஞ்ச நேரத்துல ஒதடு வீங்கி, தொண்டை அடைச்சு, மூச்சே நின்னு போச்சு. டாக்டர் ஓடி வந்து காப்பாத்துனார். இவரு அப்ப வேலைக்கு வெளியூர் போயிருந்தார். பயந்துருவார்னு எங்கம்மா சொல்ல வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்...”

அக்காவுக்கு எழுதியிருந்த மருந்துகளைத் திரையில் திறந்து பார்த்தேன். என்ன இருந்தது தெரியுமா? கிருமி தாக்காமல் இருக்க அன்று அக்காவுக்கு எழுதியிருந்த ஊசி, அந்தப் பெனிசிலினுக்குக் கூடப் பிறந்த தம்பி! அந்தப் பச்சைத் திரையை நம்பி யாராவது அதைப் போட்டிருந்தால்?

மருந்தின் பெயர், என்ன நடந்தது, எப்போது நடந்தது எல்லாவற்றையும் பதிந்தேன். திரையின் நெற்றியில் சிவப்புப் பட்டை ஏறியது. மாடியில் மயக்க மருத்துவரின் திரையிலும் அதே நொடியில் ஏறியது. நான் தொலைபேசியை எடுப்பதற்குள் அவரே அழைத்து, “பாத்துட்டேன் சிஸ்டர், வேற மருந்துக்கு மாத்திட்டேன்” என்றார். கணினியோடு எனக்குச் சண்டை இருக்கலாம். அன்று அதைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது.

அண்ணன் தெர்மாமீட்டரை எடுத்தார். கண் கலங்கியிருந்தது. பேருந்து நிலையத்தையே அதிரவைக்கும் அந்தக் குரல் தேய்ந்து போயிருந்தது. “இத்தன வருசமா ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

அக்கா சொன்னார், “எங்க விட்டீங்க?”

பெரியோர்களே, அந்த அண்ணன் கெட்டவரா? இல்லை! மனைவியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் காலில் செருப்பு சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தவர். அன்பால்தான் பேசினார். ஆனால் அன்புக்குத் தெரியாததும் உண்டு! பெற்றவருக்குத் தெரியாதது உண்டு, பிள்ளைக்குத் தெரியாதது உண்டு, கூடவே வாழ்ந்தவருக்கும் தெரியாதது உண்டு! உங்கள் உடம்பு பட்டது உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே சொல்லுங்கள் தாய்மார்களே! குறுக்கே யார் பேசினாலும் கையமர்த்திவிட்டுச் சொல்லுங்கள்! கேளுங்கள் செவிலியரே! வரிசை நீண்டாலும், வருகிறவர் முறைத்தாலும், வாய் திறக்காதவர் வாய் திறக்கும்வரை கேளுங்கள்! கணினித் தம்பிகளே, அந்தக் குட்டிப் பொத்தானைக் கொஞ்சம் வளர்த்துவிடுங்கள்! தலைவர் தலையசைக்கிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், இனி மாற்ற முடியாது!

முடிக்குமுன் ஒன்றே ஒன்று. அண்ணே, எழுந்திருங்கள். தம்பி, அவரிடம் மைக்கைக் கொடுங்கள். இந்த அவைக்குச் சொல்லுங்கள், அக்கா இப்போது எப்படி இருக்கிறார்?

வாங்கிவிட்டார். வாயைத் திறக்கிறார்... மூடிவிட்டார். மைக்கை அக்காவிடம் நீட்டுகிறார்! என்ன சொல்கிறார்? “அவளையே கேளுங்க சிஸ்டர்” என்கிறார்! இப்போது தட்டுங்கள் கையை!

சொல்லுங்கக்கா.

“நல்லா இருக்கேன் சிஸ்டர். அன்னிக்கு இவரு சொன்ன வயசுல மட்டும் ரெண்டு கூடிப் போச்சு. அதையும் திருத்திருங்க.”

கேட்டீர்களா? திருத்திவிடுகிறேன் அக்கா, நாளைக் காலை முதல் வேலை அதுதான்! பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், சிரிப்பால் என்னைத் தாங்கிய உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. நலமோடு வீடு போய்ச் சேருங்கள். என் மேசைக்கு வரவேண்டிய நாள் யாருக்கும் வராதிருக்கட்டும். வந்தால், வாய் திறந்து பேசுங்கள். வணக்கம்!