ஜெசிந்தினியின் நீலக் கோப்பு

2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மூன்றாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, ஜெசிந்தினி தன் வருமான வரிக் கோப்புடன் என் வீட்டுக்கு வரவில்லை. என் குறை இதுவே. பின்னர் நடந்தவை யாவும் இதிலிருந்து ஒழுங்காகப் பிறந்தவை.

நான் முப்பத்தோராண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். ஹாலிஎலையில், புகையிரத நிலையத்துக்கு மேலேயுள்ள வீட்டில் தனியாக வசிக்கிறேன். பிறப்புப் பதிவு முதல் சேமலாப நிதி வரை, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மக்கள் எந்தப் படிவத்தையும் என்னிடமே கொண்டுவருவார்கள். எனக்குக் கைராசி உண்டென்பது அவர்களுடைய நம்பிக்கை. நான் தொட்டுக் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வருவதில்லையாம். பிழையின்றி எழுதப்பட்ட விண்ணப்பம் எதற்காகத் திரும்பி வரவேண்டும்?

ஜெசிந்தினி என் பழைய மாணவி. அந்தத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். கணவன் லூக்காஸ் இறந்த பின்னர், பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு கடையறையை வாடகைக்கு எடுத்துக் கேக்கும் பணிசும் சுட்டு விற்கிறாள். எட்டு ஆண்டுகளாக, நவம்பர் மாதத்து முதல் மூன்று ஞாயிறுகளிலும், தேவாலயப் பூசை முடிந்ததும் நீலக் கோப்புடன் வருவாள். அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தர, நான் தாளில் எழுதுவேன். அதைக் கடைத்தெருக் கணினிக் கடையில் ஏற்றி அனுப்புவாள். ஒரே ஞாயிறில் முடியக்கூடிய வேலைதான். மூன்று ஞாயிறுகள் தேவை என்று தீர்மானித்தவன் நான்.

அந்த ஆண்டு இரண்டாம் ஞாயிறு வந்தாள். ஆனால் உட்காரவில்லை.

“சேர், இந்த முறை ஒங்களுக்குக் கஷ்டமே இல்ல. போன்ல ஒரு தம்பி இருக்காரு. கேட்டதெல்லாம் சொல்லித் தர்றாரு.”

எந்தத் தம்பி என்று கேட்டேன். சிரித்தபடி கைபேசியை நீட்டினாள். செயற்கை நுண்ணறிவோடு உரையாடும் செயலி அது.

“நூறு தடவ கேட்டாலும் ஏசாது சேர். நீங்கன்னா ரெண்டாந்தடவயே கண்ணாடியக் கழட்டி மேசயில வச்சிருவீங்க.”

அந்த உரையாடல் முழுவதையும் நின்றபடியே வாசித்தேன். மதிப்பீட்டாண்டு என்றால் என்ன என்பதை அவளுக்கு விளங்கும்படி சொல்லியிருந்தது. திரட்டவேண்டிய ஆவணங்களைக் கூறியிருந்தது. ஐயமுள்ள இடங்களில், ஊகித்து எழுதாமல் வரி அலுவலகத்திலோ கணக்காளரிடமோ கேட்கும்படி அறிவுறுத்தியிருந்தது. பிழை தேடினேன். ஈரிடங்களில் ஒற்று விடுபட்டிருந்ததைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. முடிவில், “நீங்கள் மிக நன்றாகத் தயாராகியிருக்கிறீர்கள், அக்கா” என்று எழுதியிருந்தது. அவளை அக்கா என்று அழைக்க அதற்கு யார் கற்பித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எட்டு ஆண்டுகளில் நான் அவளைப் பாராட்டியதில்லை. அதற்கு அவசியம் இருந்ததில்லை.

“கோப்ப மட்டும் ஒரு கிழம வச்சு அடுக்கிக் குடுங்க சேர்,” என்றாள். “ஒங்க கை படாம அனுப்பினா எனக்குத் தூக்கம் வராது. இந்த முறை அம்மாட வீட்டு விசயமும் இருக்கு.”

அவளுடைய தாய் இருதயம்மா, ஸ்பிரிங்வெளியில் மேல் லயத்தின் கடைசி அறையில் இருந்தாள். பின்சுவரில் கைநுழையும் அளவுக்கு வெடிப்பு. மண் சரியக்கூடிய இடம் என்று அதிகாரிகள் அறிவித்தல் ஒட்டிப் போயிருந்தார்கள். மகளுடைய கடைக்குப் பின்னால் இரண்டு நாள் தங்கிப் பார்த்தாள். மாத்தூசியில் மூச்சு முட்டியதால் லயத்துக்கே திரும்பிவிட்டாள். ஆகவே ஜெசிந்தினி ஹாலிஎலையில் ஒரு சிறு வீட்டைப் பேசி வைத்திருந்தாள். வங்கி கடன் கொடுப்பதற்கு வரி விபரங்கள் ஒழுங்காக இருக்கவேண்டும். அவள் எதற்காக அவசரப்படுகிறாள் என்பதை நான் நன்கு அறிந்திருந்தேன். அறியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காக வாதாடவேண்டாம்.

கோப்பை மாத வரிசையில் அடுக்கினேன். லூக்காஸ் விட்டுச்சென்ற நிலையான வைப்பின் வட்டிக்கு வங்கி ஆண்டுதோறும் ஒரு கடிதம் அனுப்பும். ஜெசிந்தினி அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. கணவனின் பெயரைக் கண்டால் அழுகை வரும் என்று, உறையோடு கோப்புக்குள் வைத்துவிடுவாள். அதை உரிய இடத்தில் எழுதுவது எப்போதும் என் வேலை. அந்த உறையை எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன். அடுத்த ஞாயிறு கோப்பை வாங்கியவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“நீங்க அடுக்கினத நான் எண்ணிப் பாத்தா, அது பாவம் சேர்.”

மூன்று நாள் கழித்து அவளிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது.

“சேர், தம்பி ஒரு கேள்வி கேக்குறாரு. சேமிப்புப் புத்தகத்து வட்டி மட்டுந்தானா, வேற வைப்பு ஏதும் இருக்கான்னு. லூக்காஸ் போட்டது ஒண்ணு இருக்கே?”

கருவி சரியான கேள்வியைக் கேட்டிருந்தது. நேர்மையாக எழுதவேண்டுமானால் இதையும் எழுதவேண்டும். “இரண்டையும் சேர்த்தே வங்கி ஒரு கடிதமாகத் தந்திருக்கிறது,” என்றேன்.

“அப்ப சரி. நான் தம்பிக்குச் சொல்லிர்றேன், எங்க சேர் பாத்துட்டாருன்னு.”

அவள் வரிப் படிவத்தை அனுப்பிய மறுவாரம், வரி அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். பெயரைத் தவிர அனைத்தும் அதில் இருந்தன. வைப்பின் இலக்கத்தையும் குறிப்பிட்டேன். பொய்யாக ஒரு சொல்லும் எழுதவில்லை.

மார்ச் மாதம் அவளிடம் விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. அது தீரும்வரை வங்கி கடனை ஒத்திவைத்தது. ஜெசிந்தினி நீலக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு என் வாசலில் நின்றாள்.

“இந்தச் சனியன நம்பி மோசம் போனேன் சேர்,” என்று கைபேசியை மேசைமேல் போட்டாள். “நீங்க ஒரு வார்த்த ஏசுங்க. எனக்கு வேணும்.”

நான் ஏசவில்லை. உட்காரச் சொன்னேன்.

விளக்கக் கடிதம் ஒரு பக்கம். வட்டிக் கடிதத்தை இணைத்து, தவறுதலாக விடுபட்டது, உரிய வரியைச் செலுத்துகிறேன் என்று எழுதினால் போதும். அரை மணி நேரத்து வேலை. நான் நான்கு வரைவுகள் எழுதினேன். ஒவ்வொரு வரைவுக்கும் சில ஞாயிறுகள் தேவைப்பட்டன. இடையில் ஒருமுறை தவணை கேட்டும் எழுதினேன். அவள் வந்தாள், கேக் கொண்டுவந்தாள், எதிரே அமர்ந்தாள். தம்பி என்ற சொல்லை அவள் பின்னர் உச்சரிக்கவில்லை. அந்த ஆண்டின் நடுப்பகுதி என் வாழ்வின் அமைதியான காலம்.

ஜூலை மாதம், பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். அந்தக் கடிதம் வைப்புக் கடிதத்தோடு இழுப்பறையில் இருக்கிறது. பதில் வந்துவிட்டால் அவள் எதற்காக வருவாள்?

நவம்பர் இறுதியில் பெய்த மழையைப் பற்றி ஊவா மாகாணத்தில் யாருக்கும் நான் விவரிக்கத் தேவையில்லை. மேல் லயத்தின் கடைசி மூன்று அறைகள் மண்ணோடு போயின. இருதயம்மாவை மறுநாள் மாலையில் எடுத்தார்கள்.

அதற்கு அடுத்த நாட்காலை ஜெசிந்தினி முழங்கால்வரை சேற்றோடு வந்தாள். கதவைத் தட்டவில்லை. அழவும் இல்லை. அடக்கம் செய்வதற்கு முன் மரணத்தைப் பதிய வேண்டும் என்று கிராம உத்தியோகத்தர் கொடுத்த படிவத்தை என்னிடம் நீட்டினாள்.

“ஒங்க கையால எழுதிக் குடுங்க சேர். அம்மாவுக்கும் அதுதான் புடிக்கும்.”

எழுதினேன். ஒரு பிழையும் இல்லை.

வைப்புக் கடிதத்தை எடுத்தவன் நான். மொட்டைக் கடிதத்தை எழுதியவன் நான். விளக்கத்தை அனுப்பாமல் வைத்துக்கொண்டவனும் நான். அந்த வீட்டுக்கு இருதயம்மா ஆகஸ்ட் மாதமே குடிபோயிருக்கலாம். இவற்றில் எதையும் மறுக்கவில்லை. உரிய தண்டனையை விதிப்பவர்கள் விதிக்கட்டும்.

ஆயினும், இதை வாசிக்கும் நீங்கள் ஒரு கேள்விக்கு விடை தரவேண்டும். தொலைபேசிக் கோபுரங்கள் விழுந்து நான்கு நாட்களாக எந்தக் கைபேசியும் இயங்கவில்லை என்பதை என்னிடம் சொல்லவேண்டாம். அது கேள்விக்குப் புறம்பானது. தாயை இழந்தபோது ஜெசிந்தினி யாரிடம் வந்தாள்? அதனிடமா, என்னிடமா? எழுத்தில், முழு வாக்கியமாக விடை தாருங்கள்.