மூன்றாவது வேகத்தடை

கார் வாங்குகிறவன் முதலில் குலுக்கலைத் தாங்குகிற சஸ்பென்ஷனைத்தான் கவனிக்க வேண்டும், அக்கா. பாட்டு, ஏசி எல்லாம் அப்புறம். நீ கோபமாக இருப்பது தெரிகிறது. ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

உன் வீட்டுக்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை, மாமா நல்லவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவர். அங்கே பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. தினமும் நான் அவரைக் கொண்டுபோய் விடுகிற என் காரில் அது கிடையாது, ஆனாலும் மிதிப்பார். அந்தப் பக்கத்து மிதியடி ஓட்டையானதை நான் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. வாயைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"கிளட்ச்ச விடு... மெதுவா... கண்ணாடியப் பாரு... என்னை ஏன்டா பாக்கற, ரோட்டப் பாரு."

எனக்கு லைசென்ஸ் கொடுத்தவர்கூட என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

ஆகவே ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றப் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் இரண்டு செட் எடுத்து வைத்தார். ஒன்று மெத்தை மாதிரி. மற்றது பந்தயக் காருக்கான கெட்டி ரகம்.

"தம்பி, இதப் போட்டா ரோட்ல கெடக்கற காசு மேல ஏறினாக்கூட தலையா பூவான்னு சொல்லிடலாம். வீட்டு ஆளுங்க உக்காருவாங்களா?"

"ஒருத்தர் உக்காருவார்ணே."

"வயசானவரா?"

"பேசறவரு."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அவருக்கும் யாரோ இருக்கிறார்கள் போல.

பந்தயக் கார் செட்டையே போடச் சொன்னேன். வளைவில் கார் சாயாது, பிடிமானம் கூடும். காரணம் அவ்வளவுதான். மாமா "கி... கிளட்..." என்று முடிப்பதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடுவது உபரி லாபம். ஷாக்கை இன்னும் கெட்டியாக்க ஒரு திருகு இருந்தது. அது நிற்கிறவரை திருகினேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

நேற்று பள்ளியின் ஆண்டு விழா. மாமா பேச்சு எடுபட்டால் புதுக் கிளைக்கு அவர்தான் மேலாளர் என்று முதலாளி சொல்லியிருந்தார். மாமா கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்ததை நானும் கேட்டேன், வேறு வழியில்லாமல். மெயின் ரோட்டை விட்டு, வேகத்தடைகள் நிறைந்த குறுக்குத் தெருவில் போனது நெரிசலைத் தவிர்க்கத்தான். மூன்றாவது வேகத்தடையில் மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். மேடையேறி "பெவியோவ்களே" என்றார். உட்கார்ந்துவிட்டார். பதவி வேறொருவருக்குப் போனது.

புதுக் கிளை வெளியூரில் என்பது நீ அழுதபோதுதான் எனக்குத் தெரியும். முன்பே சொல்லியிருக்கலாம். கிடைத்திருந்தால் மாமா மூட்டை கட்டியிருப்பார். இப்போது அடுத்த அறையில் நாக்கில் ஐஸ்கட்டி. நாக்கு ஆறியதும் மறுபடி என் பக்கத்து இருக்கை, ஆயுசுக்கும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு ஸ்பிரிங்கும் போதும்.

"வேணும்னே பண்ணியாடா?" என்று கேட்கிறாய். வேகத்தடையை நான் கட்டவில்லை. நேற்று அவர் வழி நெடுக வாயை மூடிக்கொண்டுதான் வந்தார் என்பதும் உண்மை; மேடைக்காகக் குரலைச் சேமித்து வைத்திருந்தார். தடைக்கு நாலடி இருக்கையில் நான் ஒரு சந்தேகம் கேட்டேன்.

"மாமா, இங்க எந்த கியர்ல போகணும்?"

கற்றுக்கொள்ளும் ஆர்வம் குற்றமென்றால், அக்கா, நான் குற்றவாளிதான்.