முந்தானையும் சேர்ந்த போர்வை

"போர்வையோட என் முந்தானையையும் சேர்த்துத் தைச்சுட்டேன்டி."

திருவான்மியூரில் கிளம்பிய பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சொன்னவர் ஆழ்வார்பேட்டையில் கைத்தையல் வகுப்பு எடுக்கிறார். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பது அன்றைய பாடமாம்.

"மடியில வெச்சுண்டு தைச்சியா?"

"ஆமா. எழுந்தேன், போர்வையும் கூடவே எழுந்தது."

"பிரிக்க வேண்டியதுதானே?"

"இந்தத் தையல் பிரியவே பிரியாதுன்னு அப்பத்தான் பெருமையடிச்சிருந்தேன். எல்லாரும் பார்த்துண்டிருக்கா. முந்தானையை வெட்டிட்டேன்."

"ஐயையோ, அந்த மாம்பழக் கலர் பட்டா?"

"அதேதான். போர்வையில அந்தத் துண்டுதான் எடுப்பா இருக்காம். 'இந்த ஐடியா எப்படி வந்தது மிஸ்?'னு கேட்டா. 'தானா வந்தது'ன்னேன்."

தோழி வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரிக்காதே. நாளைக்கு எல்லாரும் அவாவா கல்யாணப் புடவையை எடுத்துண்டு வரா, வெட்டறதுக்கு."

"உண்மையைச் சொல்லிடேன்."

"சொன்னா அப்புறம் எவ வருவா என் கிளாஸுக்கு?"

மயிலாப்பூர் குளம் வந்தது. நிறுத்தத்தில் ஆசிரியை எழுந்தார்.

"சொல்லித்தான் ஆகணும். கல்யாணப் புடவையாச்சே. நாளைக்குப் பாடத்தையே மாத்திட்டேன், தையலைப் பிரிக்கறது எப்படின்னு."

"எந்தப் புடவை கட்டிண்டு போகப்போறே?"

"சுடிதார்."